வலது என்னுடையது, இடது அளியனுடையது

இரண்டு மட்கார்டுகளும் சிமென்ட் தரையில் மூக்கோடு மூக்கு வைத்துக் கிடந்தன. சுரேந்திரன் சார் அவற்றுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். போனைப் பார்ப்பார், தரையைப் பார்ப்பார், மறுபடியும் போனைப் பார்ப்பார்.

நான் வலது பக்கத் தூணில் சாய்ந்து நின்றேன். ஸ்டான்லி இடது பக்கம் கேஸ் சிலிண்டரில் சாய்ந்து நின்றான். எங்களுக்கு நடுவில் ஃபேன் தலையை அப்படியும் இப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அந்த ஷெட்டில் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தது அது ஒன்றுதான்.

"ஆசானே," என்றார் சார். கேட்பதற்கே சங்கடப்பட்டார். "கழிஞ்ச ஆழ்ச்ச வலதல்லே பொங்கி நின்னது?"

போன வாரம் வலதுதானே உயரமாக இருந்தது என்று கேட்கிறார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

"அதுக்கு முன்னே இடது. இப்போ பின்னேயும் இடது. இது எந்தா, ஊஞ்சலோ?"

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. விளங்கிக்கொள்ளும் தெம்பு இல்லை என்பதுதான் சரி. தோள் வலித்தது. காதுக்குள் எப்போதும் கத்துகிற சில்வண்டு அன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கத்தியது. சனிக்கிழமை மத்தியானம், வயிற்றில் ஒரு டீயும் ஒரு பருப்புவடையும்தான். சார் சீக்கிரம் போனால் பாயை விரித்துப் படுக்கலாம் என்பதற்கு மேல் எந்த யோசனையும் ஓடவில்லை.

அந்த மட்கார்டுகள் ஏன் ஊஞ்சலாடின என்பதைச் சொல்ல வேண்டுமானால் என் அளியனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்தத் தொடரில் இதுவரை அவனை ஓரிரு வரியில் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். தாண்டிப் போகிற ஆளா அவன்!

தகரத்தைக் கட்டிக்கொண்ட கதை

அளியன் என்றால் மச்சினன். திருவனந்தபுரத்தில் முன்பின் தெரியாதவனையும் ‘அளியா’ என்று கூப்பிடலாம், எவனும் கோபித்துக்கொள்ள மாட்டான். ஆனால் ஸ்டான்லி எனக்கு அசல் அளியன். என் மனைவி கிறிஸ்டல் அவனுடைய தங்கை.

கல்யாணத்துக்கு முன்பே நாங்கள் ஒரே பட்டறையில் வேலை பார்த்தவர்கள். இரண்டு பேருமே மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்தவர்கள். சாப்பாட்டு நேரத்தில் அவன் தன் தூக்குவாளியை என் பக்கம் தள்ளுவான். அதில் இருந்த மீன்குழம்பை வைத்தது தங்கை என்று தெரிந்த பிறகு நான் அந்தக் குழம்பைக் கொஞ்சம் கூடுதலாகவே புகழ்ந்தேன். மற்றதெல்லாம் வீட்டுப் பெரியவர்கள் பேசி முடித்தது.

பிறகு கரமனையில் ஆற்றுக்குப் போகிற இறக்கத்தில், அக்கிரஹாரத்து வீடுகளின் கொல்லைப்புறத்துக்குப் பின்னால், ஒரு ஷெட் கிடைத்தது. இரண்டு பேரும் சேர்ந்து டிங்கரிங் போர்டு மாட்டினோம். அந்த மழைக்குள் மூடிவிடுவோம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். எங்களுக்கு வயதாகிவிட்டது, ஷெட் இன்னும் மூடவில்லை.

இடித்து நசுங்கிய கதவை நிமிர்த்துவதுதான் தினசரிச் சோறு. ஆனால் எங்களுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது வேறு வேலை. கடையில் கிடைக்காத பாகத்தை வெறும் தகட்டிலிருந்து கையால் அடித்து உருவாக்குவது. மணல் பையில் தகட்டை வைத்து மரச் சுத்தியலால் குழித்து, பிறகு இரும்புக் குண்டின்மேல் போட்டு மெல்ல மெல்லத் தட்டி வழுவழுப்பாக்க வேண்டும். கேட்பதற்கு எளிது. செய்து பார்த்தால் மறுநாள் காலையில் பல் தேய்க்கக் கை எழும்பாது.

ஸ்டான்லிக்கு இடதுகைப் பழக்கம். அதனால் எந்த வண்டி வந்தாலும் வலது பக்கம் எனக்கு, இடது பக்கம் அவனுக்கு. ஒப்பந்தம் போட்டுப் பிரித்ததல்ல, சுத்தியல் வீசுகிற தோதைப் பொறுத்துத் தானாக அமைந்தது. அதனால்தான் என் வலது தோள் சரிந்து கிடக்கிறது, அவனுக்கு இடது தோள். நாங்கள் சேர்ந்து நடந்து போனால் பின்னால் வருகிறவர்கள் சிரிப்பார்கள் என்று கிறிஸ்டல் சொல்லுவாள்.

துணி வைத்துத் தடவுவது

சுரேந்திரன் சார் மஸ்கட்டில் இருந்து திரும்பியவர். பழைய வண்டி ஒன்றின் சட்டமும் எஞ்சினும் அவரிடம் இருந்தன. மேலே உடம்பு இல்லை. அதற்கு இரண்டு பேர் உட்காருகிற, கூரையில்லாத, முன்பக்கம் இரண்டு பெரிய உருண்ட மட்கார்டுகளோடு ஒரு உடம்பு வேண்டும் என்றார். ரோட்டில் ஓட்ட அல்ல. ஷூட்டிங்குக்கும், கல்யாண மண்டப வாசலில் அலங்காரமாக நிறுத்தவும் வாடகைக்கு விடுகிற யோசனை.

"புட்டி வேண்டா ஆசானே," என்று முதல் நாளே சொல்லிவிட்டார். மேடுபள்ளத்தைப் புட்டி பூசி மறைப்பது எங்களுக்கும் பிடிக்காது. ஆனால் வாடிக்கையாளர் அதைச் சொல்லும்போது கொஞ்சம் எரிச்சல் வரும். உனக்கென்னய்யா, சொல்லிவிட்டுப் போய்விடுவாய்.

மட்கார்டின் ஓரங்களுக்கு அட்டையில் வெட்டிய அளவு உண்டு. வலதுக்கு வெட்டியதைத் திருப்பிப் போட்டால் இடதுக்கு ஆகும். ஆனால் சக்கரத்துக்கு மேலே உருண்டு வருகிற அந்த முதுகு இருக்கிறதே, அதற்கு எங்களிடம் அட்டை கிடையாது. அது கைக்கணக்கு.

எங்கள் முறை இதுதான். வாரத்தில் ஒரு நாள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுவோம். பழைய வேட்டியில் கிழித்த மெல்லிய துணியை உள்ளங்கைக்கும் தகட்டுக்கும் நடுவில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு தடவுவோம். கண்ணுக்குத் தெரியாத மேடெல்லாம் துணி வைத்தால் கைக்குத் தெரிந்துவிடும். அவனுடையதை நான் தடவுவேன், என்னுடையதை அவன். அவரவர் பிள்ளையை அவரவர் தடவினால் குறை தெரியாது.

"இங்க பொங்கியிருக்குடே."

"அங்க பள்ளமாக்கும்."

"நீ அனங்காத இரு. நான் வாறேன்."

கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். அனங்காதே என்றால் அசையாதே. இரண்டில் ஒன்று அப்படியே நிற்க வேண்டும், மற்றது அதை நோக்கி வர வேண்டும். எது நிற்பது, எது வருவது என்று பேசி வைத்துக்கொள்வோம். இதெல்லாம் ஒரு தொழில் ரகசியமா என்று நீங்கள் கேட்கலாம். இல்லைதான். இரண்டு பேரும் பேசிக்கொண்டிருக்கிற வரைக்கும் அது ஒன்றுமே இல்லை.

கையில் சுத்தியலோடு அழைத்தது

அந்த வேலை பாதியில் இருந்தபோதுதான் ஸ்டான்லியின் மகள் ஷீபாவுக்கு வரன் கூடிவந்தது. ஒரு நாள் காலையில் தகடு அடித்துக்கொண்டிருக்கும்போதே, சத்தத்துக்கு மேலே சத்தமாக, "ஞாயிற்றுக்கிழமை நிச்சயம் கேட்டியாடே! அவளையும் விளிச்சிட்டு வந்திரு!" என்றான். நானும் "செரி செரி" என்று சொல்லிவிட்டு அடித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து கிறிஸ்டலிடம் சொன்னேன். அவள் அரிவாள்மணையில் சீனியவரைக்காய் அரிந்துகொண்டிருந்தாள். அரிவது நின்றது.

"எங்க வச்சு சொன்னான்?"

"ஷெட்டுல வச்சு."

"அவன் கையில என்ன இருந்தது?"

எனக்குப் பொய் சொல்ல வராது. அதுவும் அவளிடம் சுத்தமாக வராது. "சுத்தியல்," என்றேன்.

"செரி," என்றாள். மறுபடியும் அரிய ஆரம்பித்தாள். அந்தச் சீனியவரைக்காய் பட்ட பாட்டைப் பார்த்தே எனக்குப் புரிந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் அழைப்பது என்பது ஒரு முறை. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து வர வேண்டும். தட்டில் பழமும் பலகாரமும் வைத்து, வீட்டு நடையேறி, உட்கார்ந்து, ஜெபம் பண்ணி, பிறகு வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அதுவும் பெண்ணுக்குச் சொந்த அத்தை. மேடையில் பெண்ணுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியவள். அவளைப் புருஷன் வழியாக, பட்டறையில் வைத்து, சொல்லி அனுப்பலாமா?

"தெனமும் ஒரே எடத்துல நிக்கிற ஆளுகளுக்குள்ள என்னத்துக்கு இதெல்லாம்னு நெனச்சிருப்பான்," என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

"நீங்க தெனமும் நிக்கீங்க. நான் நிக்கேனா?" என்றாள்.

அவள் கேட்டது நியாயம். அவன் நினைத்ததிலும் கெட்ட எண்ணம் இல்லை. நடுவில் நான். கட்டின பாவத்துக்குப் பெண்டாட்டி பக்கம் நின்றேன். நிச்சயத்துக்கு இரண்டு பேருமே போகவில்லை. அன்றைக்கு முழுக்க அவள் வீட்டை ஒட்டடை அடித்தாள். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

திங்கட்கிழமை ஷெட்டுக்குப் போனேன். ஸ்டான்லி என்னைப் பார்க்கவில்லை.

சிலிண்டரோடு பேச்சு

சண்டை என்றால் கத்தித் தீர்த்துவிட வேண்டும். ஸ்டான்லிக்குக் கத்தத் தெரியாது. வாயை மூடிக்கொள்வான், அவ்வளவுதான். ஆனால் பட்டறையில் பேசாமல் வேலை நடக்குமா? அதனால் அவன் சாமான்களோடு பேச ஆரம்பித்தான்.

சிலிண்டரைப் பார்த்து, "கேஸ் தீரப்போவுது போலிருக்கு," என்பான். நான் போன் பண்ணிப் புது சிலிண்டருக்குச் சொல்லுவேன். நானும் சும்மா இருப்பேனா? சுவரில் மாட்டிய காலண்டரைப் பார்த்து, "நாளைக்கு நான் வர நேரமாவும்," என்பேன். பிள்ளை குட்டி பெற்று, தலை நரைத்து, ஒருவன் சிலிண்டரோடும் ஒருவன் காலண்டரோடும் பேசிக்கொண்டிருந்தோம். வெட்கக்கேடு.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அங்கே கிறிஸ்டலும் வாயைத் திறப்பதில்லை. ஆனால் சாப்பாட்டைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்துகொள்வாள். கொஞ்ச நேரம் கழித்து, யாரையோ கேட்கிற மாதிரி, "ஷெட்டுல எல்லாரும் சொகமாயிட்டு இருக்காவளா?" என்பாள். எல்லாரும் என்றால் யார்? நானும் அவனும்தான். நான் சுகமா இல்லையா என்று அவளுக்குத் தெரியாதா? "இருக்கான்," என்பேன். அதோடு எழுந்து போய்விடுவாள்.

வேலையைவிட இதுதான் ஆளை அடித்துப்போட்டது. தகடு அடித்த அலுப்பு தூங்கினால் போகும். இது தூங்கி எழுந்தாலும் பாயிலேயே காத்துக்கொண்டிருக்கும்.

எங்கள் சண்டையை முதலில் கண்டுபிடித்தவர் கோமதி மாமி. ஷெட்டுக்குப் பின்சுவர் அவர்கள் வீட்டுக் கொல்லைச் சுவர். சர்க்கார் உத்தியோகத்தில் இருந்து ரிட்டயர் ஆனவர். மத்தியானம் அவர் கண்ணயர்கிற நேரத்தில் நாங்கள் சுத்தியலைத் தொடக்கூடாது. மற்ற நேரம் எவ்வளவு அடித்தாலும் ஒன்றும் சொல்ல மாட்டார். ஷெட் வைத்த நாளில் இருந்து அப்படி ஒரு ஏற்பாடு.

ஒரு நாள் துணி உலர்த்திக்கொண்டே சுவருக்கு மேலே தலையை நீட்டினார்.

"என்ன ஆசானே, ரெண்டு பேருக்கும் சண்டையாக்கும்?"

"ஆரு மாமி சொன்னது?"

"யாரு சொல்லணும்? நீங்க அடிச்சா அவர் நிறுத்துவார், அவர் அடிச்சா நீங்க நிறுத்துவேள். இத்தனை வருஷமா அதைக் கேட்டுண்டேதான் நான் சமைக்கறேன். இப்போ ரெண்டு பேரும் ஒண்ணா போட்டு அடிக்கறேள். தலை வலிக்கறது."

அவர் சொன்ன பிறகுதான் நான் கவனித்தேன். உண்மைதான். ஒருவன் அடி இன்னொருவன் காதில் விழுகிற நேரத்தில் மற்றவன் கை ஓங்கியிருக்கும். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. அது போய்விட்டிருந்தது.

"செரியாயிரும் மாமி," என்றேன்.

"ஆகணும். எனக்காக வேண்டாம், என் தலைவலிக்காகவாவது ஆகணும்," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அதற்குள் கல்யாணத் தேதி குறித்தாகிவிட்டது என்று சர்ச்சில் யாரோ சொன்னார்கள். கார்டு வரவில்லை. கிறிஸ்டல் அன்றைக்குப் பாட்டுப் புத்தகத்தை விரித்தபடியே நின்றாள், பாடவில்லை. கல்யாணத்துக்கும் இப்படியே போய்விட்டால் பிறகு ஆயுசுக்கும் ஒட்டாது. எங்கள் குடும்பங்களில் அப்படி ஒட்டாமல் போனவர்களை எனக்குத் தெரியும். ஒரே கல்லறைத் தோட்டத்தில் அடுத்தடுத்துக் கிடப்பார்கள், பிள்ளைகள் ஒருவரையொருவர் தெரியாதவர்கள்போல் பூ வைத்துவிட்டுப் போவார்கள். ஷெட்டும் இரண்டாகும். வலதும் இடதும் தனித்தனி போர்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

மூக்கோடு மூக்கு

சரி, சனிக்கிழமைக்கு வருகிறேன்.

சுரேந்திரன் சார் ஒவ்வொரு சனிக்கிழமையும் வருவார். இரண்டு மட்கார்டையும் தரையில் போடச் சொல்லிப் படம் எடுத்துக்கொள்வார். முதல் தடவை இடது கொஞ்சம் உயரம் என்று சொன்னார். "செரியாக்கிடலாம் சார்," என்று நானும் ஸ்டான்லியும் ஒரே வாயில் சொன்னோம். அடுத்த வாரம் வலது உயரம். அப்போதும் ஒரே வாயில் அதையேதான் சொன்னோம். என் கை கூடிப்போய்விட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். எனக்கு வயதாகிறது, கை நிதானம் தப்புகிறது என்று பயந்துகூடப் போனேன். வீட்டில் சொல்லவில்லை.

இப்போது மூன்றாவது தடவையாக மறுபடியும் இடது.

"எனக்கது கூடிப்போச்சு சார்," என்று நான் ஆரம்பித்தேன். எங்கள் ஊர்ப் பேச்சில் எனக்கது என்றால் என்னுடையது, ஒனக்கது என்றால் உன்னுடையது. "அதான் இந்த ஆழ்ச்ச பூராவும் சூடு காட்டிச் சூடு காட்டி எறக்கினேன்."

சிலிண்டர் பக்கத்தில் இருந்து ஒரு சத்தம் வந்தது. ஸ்டான்லி சிலிண்டரைப் பார்த்து, "எறக்கினானா?" என்றான். சிலிண்டர் என்ன சொல்லும்? மெதுவாக என் பக்கம் திரும்பினான். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவன் முகத்தை நேராகப் பார்த்தேன். தாடியை மழிக்காமல் விட்டிருந்தான், அது முழுக்க வெளுத்திருந்தது.

"ஆருடே ஒன்ன எறக்கச் சொன்னது?"

"ஒனக்கது தாழ்ந்துல்லா கெடந்தது! அதுக்காக்கும் நான் எறங்கி வந்தது."

"ஒனக்கது ஒசந்து நின்னுது. நான் ஏறி வந்தேன்."

"அதுக்கு முந்தின ஆழ்ச்ச?"

"அப்பம் எனக்கது ஒசரம். ஒனக்கதுக்கு ஒப்பமா நான் எறக்கினேன்."

"நான் ஏத்தினேன்," என்றேன்.

சார் எழுந்து நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ இத்தற நாளும் நீங்க தம்மில் மிண்டலியா?" ஒருவரோடொருவர் பேசவே இல்லையா என்று கேட்கிறார்.

"நீ எப்பம் எனக்கத தடவிப் பார்த்த?" என்று அவனைக் கேட்டேன்.

"சனிக்கிழம, நீ போனதுக்குப் பொறவு. நீ?"

"திங்கக்கிழம, நீ வரதுக்கு முன்ன."

"எனக்க துணிய எடுத்தா?"

"பின்ன? எனக்கது அழுக்கால்லா கெடந்துது."

சார் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மட்கார்டுகளைப் பார்த்தேன். ஏற்றியும் இறக்கியும் தகடு அங்கங்கே நைந்துபோயிருந்தது. எவ்வளவு அடி, எவ்வளவு சூடு. அவன் என்னை நோக்கி வந்திருக்கிறான், நான் அவனை நோக்கிப் போயிருக்கிறேன், வாரா வாரம். வழியில் ஒருவனை ஒருவன் தாண்டிப் போய்க்கொண்டே இருந்திருக்கிறோம். தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஸ்டான்லியும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். சார் நல்ல மனிதர். போன் வந்தது போலப் பாவனை செய்துகொண்டு வெளியே போனார்.

"அளியா," என்றான். "அடுத்த மாசம் கல்யாணம். நீ அவளையும் விளிச்சிட்டு..."

கையைத் தூக்கி நிறுத்தினேன். "ஸ்டான்லி. ஒனக்க கையப் பாரு."

பார்த்தான். மறுபடியும் சுத்தியல்! எப்போது எடுத்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. பாம்பைப் பிடித்தவன் மாதிரி கீழே போட்டான்.

"அவ மொகத்துல முழிக்க எனக்குப் பயமாக்கும்டே," என்றான். கண் கலங்கியிருந்தது. "நிச்சயத்தன்னைக்கு மேடையில அவ எடம் காலியா கெடந்துது. பிள்ள கேட்டா, அத்த எங்கப்பான்னு. நான் என்னத்தச் சொல்ல?"

"வீட்டுக்கு வா. அதச் சொல்லு. அது போதும்."

சட்டை

பாப்பனங்கோட்டில் என் வீட்டு வாசலில் வந்து நின்றபோது அவன் பட்டறைச் சட்டையிலேயே இருந்தான். வழியில் மாற்றிக்கொண்டு வரச் சொல்லும் புத்தி எனக்கும் இல்லை. கிறிஸ்டல் கதவைத் திறந்தாள். அண்ணனைத் தலையில் இருந்து கால்வரை பார்த்தாள்.

"என்னா?"

"விளிக்க வந்தேன் கிறிஸ்டலே."

"இந்தச் சட்டையோடயா?"

அவன் குனிந்து தன் சட்டையைப் பார்த்தான்.

"மைனி எங்க? தட்டு எங்க?"

எனக்கு உயிர் போய்விட்டது. அடிபாவி, இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறேன், கதவைச் சாத்திவிடாதே என்று மனதுக்குள் ஜெபமே பண்ணினேன்.

"நாளைக்கு ஆராதன முடிஞ்சு வா," என்றாள். "மைனியயும் கூட்டிட்டு முறையா வா. சோறு இங்கதான். ஒனக்கு நெத்திலிக்கொழம்பு வைக்கேன்."

அவன் தலையாட்டிக்கொண்டே படி இறங்கினான். தெருமுனைவரை போனவன் முகத்தைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டான். அழுக்குச் சட்டை, முகம் இன்னும் கறுத்திருக்கும். இவள் ஜன்னல் வழியாக அவன் பஸ் ஏறுகிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அவனும் அவன் மனைவியும் தட்டோடு வந்தார்கள். வெள்ளைச் சட்டை, வழித்த முகம். ஜெபம் பண்ணினோம். ஸ்டான்லி நிமிர்ந்து உட்கார்ந்து, மனப்பாடம் பண்ணியதுபோல, "எனக்க மோளுக்குக் கல்யாணம். அத்த வந்து முன்ன நிக்கணும்," என்றான். அதற்குள் அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். பிறகு யார் என்ன சொன்னார்கள் என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. நெத்திலிக்குழம்பில் உப்பு கூடியிருந்தது. யாரும் சொல்லவில்லை.

அவர்கள் போன பிறகு அவள் அலமாரியைத் திறந்து ஒரு டெய்லர் கடைக் கவரை எடுத்தாள். உள்ளே புதுப் பட்டுச் சேலைக்குத் தைத்த பிளவுஸ்.

"இது எப்பம் தைக்கக் குடுத்த?"

"நிச்சயம் கழிஞ்ச மறுநாளு," என்றாள். "அப்பம் குடுத்தாத்தானே கல்யாணத்துக்குத் தச்சுத் தருவான்?"

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். கோபத்தின் உச்சியில் இருந்த நாள் அது. அன்றைக்கு என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் போய் அளவு கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். அதை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அவனிடம் சொல்லியிருப்பேன். என் தோள் தப்பியிருக்கும்.

"சொல்லியிருக்கலாம்லா?" என்று கத்தினேன்.

"விளிக்காம நான் எப்படிச் சொல்ல?" என்றாள்.

இந்தக் குடும்பத்தில் பெண் எடுத்த நாளில் எனக்கு இதை யாராவது எச்சரித்திருக்க வேண்டும்.

போட்டோ

திங்கட்கிழமை இரண்டு மட்கார்டையும் மூக்கோடு மூக்கு வைத்தோம். அவன் என்னுடையதைத் தடவினான், நான் அவனுடையதை. என்னுடையது அதிகம் நைந்திருந்தது. இனி தொட்டால் கிழியும். "அது அனங்காத கெடக்கட்டும், பாவம்," என்றான் ஸ்டான்லி. "நான் வாறேன்."

வாரக் கடைசியில் வந்து சேர்ந்துவிட்டான். பின்சுவருக்கு மேலே கோமதி மாமியின் தலை தெரிந்தது. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு இறங்கிப் போனார்.

கல்யாணத்தன்று மேடையில் குடும்பப் படம். ஷீபாவுக்குப் பக்கத்தில் கிறிஸ்டல், அந்தப் பட்டுச் சேலையில், யாரோ அடித்து நிமிர்த்தியது போல நேராக நின்றாள். அவளுக்குப் பின்னால் நானும் ஸ்டான்லியும். போட்டோ எடுக்க வந்த பையன் கேமராவில் இருந்து கண்ணை எடுத்துக் கையை ஆட்டினான்.

"அங்கிள், ஷோல்டர் ரெண்டும் ஒரு லெவல் ஆக்கணே!"

என் வலது தோள் ஒரு பக்கம் சரிந்து கிடந்தது, அவன் இடது தோள் மறுபக்கம் சரிந்து கிடந்தது. நான் மூச்சைப் பிடித்து என்னுடையதைத் தூக்கப் போனேன். ஸ்டான்லி திரும்பாமலே, உதடு அசையாமல், என் விலாவில் ஒரு இடி இடித்தான்.

"நீ அனங்காத நில்லுடே. நான் வாறேன்."